பெற்றோல் வண்டியை ஐதரசனில் ஓட்டலாமா? ஓட்டோ, கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வாருங்கள்

கல்லடிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு நான்கு ஸ்ட்ரோக் ஓட்டோவும், வீட்டுப் பாவனைக்கு 1000 சிசி பெற்றோல் காரும் இருக்கின்றன. அடுப்பு எரிவது ஓட்டோவால்தான். 2022-ல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், அந்த விலைக்கும் கிடைக்காமல், கியூஆர் பாஸில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு பெற்றோல் செட்டை மட்டும் நம்பியிருக்க மனம் வரவில்லை.

இப்போது கல்முனைப் பக்கம் ஒருவர் 'ஐதரசன் கிட்' பூட்டித் தருகிறார். போத்தலில் தண்ணீர் ஊற்றினால் அது ஐதரசனாகப் பிரிந்து எஞ்சினுக்குப் போகுமாம், பெற்றோல் செலவு பாதியாகுமாம். இன்னொரு பக்கம், ஜப்பானில் ரேஸ் கார் ஒன்று முழுக்க ஐதரசனிலேயே ஓடுகிற வீடியோவும் பார்த்தேன். இரண்டும் ஒரே விசயமா? சாதாரண பெற்றோல் எஞ்சினை உண்மையாகவே மாற்ற முடியுமா? முடியும் என்றால், மட்டக்களப்பில் இருந்துகொண்டு அது நடக்கிற காரியமா? கிட்காரர் முற்பணம் கேட்கிறார். கொடுப்பதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

காத்தான்குடி கராச்:
தம்பி, முற்பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். இந்தக் கிட்டைப் பூட்டுகிற வேலை எங்களுக்கு வருவதில்லை, கழற்றுகிற வேலைதான் வருகிறது.

கடைசியாக வந்தது ஒரு வேன். பொனட்டைத் திறந்தால் பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தல், உள்ளே அடுக்கடுக்காக எவர்சில்வர் தகடுகள். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கலங்கிப்போய் இருந்தது. போத்தல் வாயிலிருந்து ஒரு குழாய், ஏர் பில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் ஹோஸில் துளை போட்டுச் செருகியிருந்தார்கள். நடுவில் பபிளர் என்று ஒரு சின்னப் போத்தல் இருக்க வேண்டும். அதற்குள் தண்ணீர் இருந்தால்தான், எஞ்சின் பின்னால் அடித்தாலும் நெருப்பு தகட்டுப் போத்தலுக்குள் போகாது. அந்த வேனில் பபிளர் காய்ந்து கிடந்தது. த்ரொட்டில் வாயைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மின்சாரம் கடக்க வேண்டும் என்று தண்ணீரில் கலக்கக் கொடுத்த காரம் (அல்கலி) ஆவியோடு போய் அலுமினியத்தை அரித்திருக்கிறது. வண்டிக்காரர் சொன்ன முறைப்பாடு என்ன தெரியுமா? 'பெற்றோல் குறையவில்லை, பற்றரிதான் அடிக்கடி இறங்குகிறது' என்றார்.

ஆரையம்பதி ரீச்சர்:
பற்றரி ஏன் இறங்கியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நான் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே பரடேயின் விதிதான்.

ஒரு மின்பகுப்புக் கலத்தில், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் கலத்தில், ஒரு அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் போனால் கிடைக்கும் ஐதரசன் 0.0376 கிராம். இதை எந்தக் கம்பனியாலும் எந்த இரகசியத் தகட்டாலும் கூட்ட முடியாது. காருக்குப் பூட்டும் கிட்டில் ஆறு கலம் தொடராக, 20 அம்பியர் ஓடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 0.0376 × 20 × 6, ஏறத்தாழ 4.5 கிராம். ஒரு மணித்தியாலத்துக்கு அவ்வளவுதான்.

ஒரு கிலோ ஐதரசனில் 120 மெகாயூல் சக்தி இருக்கிறது. 4.5 கிராமில் 0.54 மெகாயூல். ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகாயூல் அளவு உண்டு. அப்படியென்றால் அந்தப் போத்தல் ஒரு மணித்தியாலம் கொப்பளித்துத் தருவது 17 மில்லிலீற்றர் பெற்றோலுக்குச் சமமான வாயு. அந்த ஒரு மணித்தியாலத்தில் உங்கள் கார் குடிப்பதோ நான்கு லீற்றர்.

அந்த 17 மில்லியும் சும்மா வரவில்லை. 20 அம்பியரை 13.8 வோல்ட்டில் கொடுக்க ஏறக்குறைய 275 வாட் வேண்டும். அதைக் கொடுப்பது வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் அல்டர்னேற்றர், அல்டர்னேற்றரைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சினுக்குச் சாப்பாடு பெற்றோல். அல்டர்னேற்றரில் பாதிக்குக் கிட்ட வீண், எஞ்சினில் முக்கால் பங்கு வெப்பமாக வீண். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 275 வாட்டுக்காக மணித்தியாலத்துக்கு 225 மில்லி பெற்றோல் கூடுதலாக எரிய வேண்டும். 225 மில்லியை எரித்து 17 மில்லியை வாங்குகிறோம். தண்ணீர் எரிபொருள் அல்ல, ஐதரசன் எரிந்து முடிந்த சாம்பல்தான் தண்ணீர். அதைத் திரும்ப ஐதரசனாக்க, எரிந்தபோது வெளிவந்த சக்தியை விடக் கூடவே கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலர் காரத்துக்குப் பதிலாகக் கறியுப்புப் போடுகிறார்கள். எவர்சில்வர் தகடு கரைந்து குரோமியம் தண்ணீரில் கலக்கும், குளோரீன் வாயுவும் வரும். அந்தக் கலங்கல் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து மணல் நிலத்தில் ஊற்றுவது கிணற்றுக்குள்ளேயே போகும்.

செங்கலடிச் சந்தி:
ரீச்சர், கணக்கு எல்லாம் சரி. ஆனால் என் மச்சான் இந்தக் கிட்டைத்தான் பூட்டியிருக்கிறார், லீற்றருக்கு 4, 5 கிலோமீற்றர் கூட ஓடுகிறது என்கிறார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. படித்தவர்கள் எதையும் எடுத்த எடுப்பில் இல்லை என்கிறீர்கள். பெரிய எண்ணெய்க் கம்பனிகள் இதை வெளியே வரவிடாது என்பதும் உண்மைதானே?

காத்தான்குடி கராச்:
மச்சான் பொய் சொல்லியிருக்க மாட்டார் தம்பி. கிட் பூட்டுகிற அன்று என்னென்ன செய்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். பிளக் மாற்றுவார்கள், ஏர் பில்டர் மாற்றுவார்கள், ட்யூனிங் செய்வார்கள், ரயருக்குக் காற்று அடிப்பார்கள். அழுக்கேறிய வண்டிக்கு இதை மட்டும் செய்தாலே ஓட்டம் கூடும். அப்புறம், காசு கொடுத்துப் பூட்டியவர் தன்னை அறியாமலே அக்ஸிலேற்றரை மெதுவாக மிதிப்பார்.

பியுவல் இன்ஜெக்சன் காரென்றால் கிட்டோடு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் வரும். அது ஒட்சிசன் சென்சரின் சிக்னலை மாற்றி, 'பெற்றோல் கூடிவிட்டது, குறை' என்று கொம்பியூட்டரை நம்ப வைக்கும். கலவை மெலிந்து எஞ்சின் கூடச் சூடாகும். கொஞ்ச நாள் மிச்சம் தெரியும், பிறகு வால்வு எரிந்து என்னிடம் வரும். மச்சானிடம் சொல்லுங்கள்: கிட்டின் வயரைக் கழற்றிவிட்டு, தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, அதே பாதையில் அதே வேகத்தில் ஓட்டி, அதே செட்டில் திரும்ப நிரப்பிப் பார்க்கட்டும். பிறகு வயரைப் பூட்டி அதையே செய்யட்டும். யாரையும் நம்பத் தேவையில்லை.

ஆரையம்பதி ரீச்சர்:
எண்ணெய்க் கம்பனி பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் கார் என்று காட்டிப் பணம் வாங்கினார். 1996-ல் ஒஹாயோ நீதிமன்றத்தில் நிபுணர்கள் அவருடைய கலத்தைப் பார்த்தார்கள். அது வெறும் சாதாரண மின்பகுப்பு. மோசடி என்று தீர்ப்பாகி, இரண்டு முதலீட்டாளர்களின் 25,000 டொலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதே 1996-ல்தான் தமிழ்நாட்டில் ராமர் பிள்ளையின் மூலிகைப் பெற்றோல் கிளம்பியது. ஊரே கொண்டாடியது. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தது. நம் நாட்டிலும் 2008-ல் ஒரு தண்ணீர்க் கார் வந்தது, 3 லீற்றரில் 300 கிலோமீற்றர் என்றார்கள். சில மாதங்களில் அதைக் காட்டியவர் முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் கைதானார். இவற்றில் எதையும் எண்ணெய்க் கம்பனி மூடவில்லை, அளந்து பார்த்ததும் அவையே மூடிக்கொண்டன.

திருக்கோவில் நகோயா:
நான் திருக்கோவில் ஆள், இப்போது ஜப்பானில் எஞ்சின் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். கல்லடிக்காரன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது முற்றிலும் வேறு விசயம். தண்ணீர்ப் போத்தல் கிட் பொய். ஐதரசனில் எஞ்சின் ஓடும் என்பது உண்மை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு மிதிக்கக் கூடாது என்பதற்காகவே நீட்டி எழுதுகிறேன்.

உள்ளெரி எஞ்சினின் தொடக்கமே ஐதரசன்தான். சுவிஸ் நாட்டு டி ரிவாஸ் 1807-ல் ஐதரசனையும் ஒட்சிசனையும் வெடிக்கவைத்து ஓட்டிய எஞ்சின், பெற்றோல் கார் வருவதற்கு எவ்வளவோ முந்தியது. நம் காலத்தில் பிஎம்டபிள்யூ 'ஹைட்ரஜன் 7' என்று 100 கார் செய்தது. 6 லீற்றர், 12 சிலிண்டர், பெற்றோலிலும் ஐதரசனிலும் மாறி மாறி ஓடும். மஸ்டா, ஆர்எக்ஸ்-8 இன் ரோட்டரி எஞ்சினை அப்படியே ஐதரசனுக்கு மாற்றி 2006-ல் ஜப்பானில் குத்தகைக்குக் கொடுத்தது. நீங்கள் பார்த்த ரேஸ் கார் டொயோட்டா கொரோலாவாக இருக்கும். 2021 மே மாதம் பூஜி 24 மணித்தியாலப் பந்தயத்தில் அது கடைசிவரை நின்றது. உள்ளே இருந்தது பெற்றோல் ஜிஆர் யாரிஸில் வரும் அதே 1.6 லீற்றர் மூன்று சிலிண்டர் எஞ்சின், இன்ஜெக்சன் முறையையும் வாயு வரும் வழியையும்தான் மாற்றினார்கள்.

ஆகவே மாற்ற முடியுமா என்றால் முடியும். இனி, மாற்றும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

முதலாவது, வலு. பெற்றோல் ஆவி சிலிண்டருக்குள் 2 சதவீதம் இடம்கூடப் பிடிக்காது. ஐதரசன் சரியான கலவையில் 30 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு காற்று உள்ளே வராது. காற்றுக் குறைந்தால் வலுவும் குறையும். சரியான கலவையில் எரித்தால் வெப்பம் ஏறி நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகும், அதனால் கலவையைப் பாதிக்கும் மேல் மெலிதாக்கி ஓட்ட வேண்டும், வலு இன்னும் விழும். மஸ்டாவில் பெற்றோலுக்கு 210 குதிரைவலு, ஐதரசனுக்கு 109. பிஎம்டபிள்யூவில் 445 இருந்த இடத்தில் 260. டர்போ போட்டு, சிலிண்டருக்குள் நேராக இன்ஜெக்ட் செய்தால் இதை மீட்கலாம். டொயோட்டா செய்தது அதைத்தான். கராச்சில் செய்கிற வேலை அல்ல.

இரண்டாவது, பின்னடி. பெற்றோல் ஆவி காற்றில் ஒன்றரை முதல் ஏழரை சதவீதத்துக்குள் இருந்தால்தான் எரியும். ஐதரசன் 4 முதல் 75 சதவீதம் வரை எரியும். அதைப் பற்றவைக்கத் தேவையான பொறி பெற்றோலுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. சூடான பிளக் முனை, வால்வு விளிம்பில் ஒட்டிய ஒரு கரித்துணிக்கை போதும், இன்டேக் வால்வு திறந்திருக்கும்போதே பற்றிக்கொண்டு, காற்று உள்ளே வரும் குழாயான மனிபோல்டுக்குள் வெடிக்கும். ஆகவே குளிர்ந்த வகை பிளக் வேண்டும், பிளாட்டினம் முனை கூடாது, ஏனென்றால் பிளாட்டினம் ஐதரசனைத் தானாகவே எரியத் தூண்டும். பல கார்களில் ஒரே கொயில் இரண்டு சிலிண்டருக்கும் பொறி கொடுக்கும், ஒன்று வீணாகப் போகும் பொறி. பெற்றோலுக்கு அது ஒரு பிரச்சினையும் இல்லை, ஐதரசனுக்கு அதுவே எமன். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஒயில் சம்புக்குள் இறங்கும் வாயுவும் அங்கே சேர்ந்து வெடிக்கலாம், அதற்குத் தனிக் காற்றோட்டம் வேண்டும்.

இவ்வளவும் எஞ்சின் பக்கம். ஒரு நல்ல எஞ்சினியருக்கு இவை எல்லாம் தீர்க்கக் கூடிய சிக்கல்கள், தீர்த்தும் இருக்கிறார்கள். தீராமல் கிடப்பது பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது: தாங்கி.

கல்முனை வெல்டிங்:
தாங்கி என்றதும் கேட்கிறேன். நாங்கள் வெல்டிங்குக்கு எடுக்கிற பெரிய ஒட்சிசன் சிலிண்டர் 150 பார் அழுத்தம் தாங்கும். அதிலேயே ஐதரசன் அடைத்து ஓட்டோவுக்குப் பின்னால் கட்டினால் என்ன? ஒரு காலத்தில் கொழும்பில் ஓட்டோக்களும் கார்களும் காஸ் சிலிண்டரில் ஓடினவே.

திருக்கோவில் நகோயா:
அண்ணன், ஒட்சிசன் சிலிண்டரில் ஐதரசன் அடைக்கிற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். மிச்சமுள்ள ஒட்சிசனோடு ஐதரசன் கலந்தால் அது சிலிண்டர் இல்லை, குண்டு. எரியும் வாயு சிலிண்டர்களின் வாய்ப்புரி இடப்பக்கமாகச் சுற்றுவது உங்களுக்கே தெரியும், ஒன்றை மற்றதில் பூட்டிவிடக் கூடாது என்றுதானே அப்படி வைத்தார்கள். அதோடு, ஐதரசன் அணு மிகச் சின்னது. வலிமை கூடிய சில உருக்குகளுக்குள் புகுந்து அவற்றை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஐதரசனுக்கென்றே செய்த உருக்குச் சிலிண்டர் என்று வைப்போம். 50 லீற்றர் கொள்ளளவு, 200 பார். வெறும் சிலிண்டரே 60 கிலோவுக்குக் கிட்ட வரும். உள்ளே எவ்வளவு வாயு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முக்கால் கிலோ. ஓட்டோ லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடினால், 100 கிலோமீற்றருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ஐதரசன் வேண்டும். அந்தச் சிலிண்டர் முடிய 70 கிலோமீற்றர். மட்டக்களப்பில் நிரப்பிக் கல்முனை போய்ச் சேரலாம், திரும்பி வருவதற்குள் தீர்ந்துவிடும், பின்னால் ஒரு பிரயாணியின் பாரம் எந்நேரமும் ஏறியிருக்கும்.

சமையல் காஸ் இப்படி இல்லை. அது சின்ன அழுத்தத்திலேயே திரவமாகிவிடும், அதனால் சிறிய சிலிண்டரில் நிறையக் கொள்ளும். ஐதரசனைத் திரவமாக்க மறை 253 பாகைக்குக் குளிர வைக்க வேண்டும். பிஎம்டபிள்யூ அதைத்தான் செய்தது. 8 கிலோ பிடிக்கும் தாங்கி, ஓடுவது 200 கிலோமீற்றர். காரை நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்ல ஆவியாகி, பாதித் தாங்கி ஒன்பது நாள் அளவில் காலி. மற்ற வழி 700 பார் கார்பன் பைபர் தாங்கி. டொயோட்டா மிராய் காரில் அப்படி மூன்று தாங்கியில் 5.6 கிலோ வாயு. அந்தத் தாங்கிகளின் விலையில் நம் ஊரில் ஓட்டோவே வாங்கலாம். அன்று பூஜி பந்தயத்தில்கூட அந்தக் கொரோலா பாதையில் ஓடிய நேரம் ஏறக்குறையப் பன்னிரண்டு மணித்தியாலம்தான். நிரப்பவும் பார்க்கவும் மிச்ச நேரம் போனது.

ஓட்டோவிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2012-ல் டெல்லி ஐஐடியும் மஹிந்திராவும் சேர்ந்து 'ஹைஆல்பா' என்று 15 முச்சக்கர வண்டிகளை ஐதரசன் எஞ்சினோடு பிரகதி மைதானத்தில் ஓட விட்டன. நன்றாகவே ஓடின. ஆனால் நிரப்பும் நிலையம் அந்த மைதானத்துக்குள்ளேயே இருந்தது, வண்டியும் அதைச் சுற்றியே ஓடியது. டெல்லித் தெருக்களில் இன்றைக்கு நீங்கள் காண்பது சிஎன்ஜி (அமுக்கிய இயற்கை வாயு) ஓட்டோவும் பற்றரி ரிக்சாவும்தான்.

அக்கரைப்பற்று சோலர்:
நல்ல விளக்கம். ஆனால் ஒரு விசயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்ததால், கூரை சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. நாங்களும் நிறுத்தினோம். நல்ல வெயில், கூரையில் 5 கிலோவாட் பலகை, உற்பத்தி பூச்சியம். மனம் வெந்தது. வேண்டாம் என்கிற அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுத்தால் பெற்றோல் கப்பலுக்காகக் காத்திருக்கவே வேண்டாமே? கிழக்கில் வெயிலுக்குப் பஞ்சமா, தண்ணீருக்குப் பஞ்சமா? கிட்காரரைத் திட்டுங்கள், ஆனால் இந்த யோசனையைச் சேர்த்துத் தூக்கி எறியாதீர்கள்.

ஆரையம்பதி ரீச்சர்:
இந்தத் திரியிலேயே நல்ல கேள்வி இதுதான். ஓடும் வண்டிக்குள் தண்ணீரைப் பிரிப்பது வீண், ஆனால் வெயிலில் பிரிப்பது அறிவியலுக்கு ஒத்த வேலை. அங்கே சக்தி வெளியிலிருந்து வருகிறது.

சரி, கணக்கைப் பார்ப்போம். நல்ல இலெக்ட்ரோலைசர் (தண்ணீரைப் பிரிக்கும் கருவி) ஒரு கிலோ ஐதரசனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் எடுக்கும். சிலிண்டரில் அமுக்கி அடைக்க இன்னும் சில யூனிட். மொத்தம் 58 என்று வைப்போம். உங்கள் 5 கிலோவாட் கூரை நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 20 யூனிட் தரும். மூன்று நாள் முழுக் கூரையும் வேலை செய்தால் ஒரு கிலோ. ஓட்டோ ஓடுவது 100 கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவு.

பற்றரி ஓட்டோவோ 100 கிலோமீற்றருக்கு 7, 8 யூனிட்டோடு முடித்துவிடும். அதே கூரை, ஒரே நாள் வெயில், 250 கிலோமீற்றர். வித்தியாசத்தைப் பாருங்கள். மின்சாரத்தை ஐதரசனாக்கும்போது ஒரு பங்கு போகிறது, அமுக்கும்போது கொஞ்சம், எஞ்சினில் எரிக்கும்போது பெரும் பங்கு வெப்பமாகப் போகிறது. பற்றரியிலும் மோட்டரிலும் இழப்பு மிகக் குறைவு.

தண்ணீரும் நீங்கள் நினைப்பதுபோல இல்லை. ஒரு கிலோ ஐதரசனுக்கு 9 லீற்றர் தண்ணீர் பிரிய வேண்டும், அளவு பெரிதல்ல. ஆனால் அது அயன் நீக்கிய தூய நீராக இருக்க வேண்டும். வாவிக் கரையோரக் கிணறுகள் எப்படி இருக்கின்றன என்று நமக்குத் தெரியும், கேத்தில் அடியில் படிகிற சுண்ணாம்பைப் பார்த்தாலே போதும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் இலெக்ட்ரோலைசரின் மென்சவ்வு கெட்டுவிடும்.

அக்கரைப்பற்று சோலர்:
சரி ரீச்சர். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். என் வீட்டுக் கூரையை விடுங்கள். வவுணதீவுச் சூரிய மின் நிலையம் மாதிரி ஒன்றை முழுக்க இதற்கே விட்டால்?

திருக்கோவில் நகோயா:
அங்கேதான் ஐதரசனுக்கு உண்மையான இடம் இருக்கிறது. 10 மெகாவாட் நிலையம் ஒன்று நாளைக்கு 40,000 யூனிட் தந்தால் 700 கிலோ ஐதரசன் வரும். அதை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஓட்டோவுக்கும் காருக்கும் கொடுப்பது வீண் என்று ரீச்சர் காட்டிவிட்டார். பற்றரி தூக்க முடியாத இடம் எதுவோ அங்கே கொடுக்கலாம்: உர உற்பத்திக்கு அமோனியா, நாள் முழுக்க நிற்காமல் தோண்டும் இயந்திரம், தூரப் பயண லொறி. ஜேசிபி கம்பனி தன் தோண்டும் இயந்திரங்களுக்கு ஐதரசன் எஞ்சின் செய்திருப்பது அதனால்தான். அம்பாறை வயல்களுக்கு யூரியா இல்லாமல் 2021-ல் பட்ட பாட்டை நினைத்தால், ஐதரசன் நமக்கு வண்டி எரிபொருளாக வருவதை விட உரமாக வருவது எவ்வளவோ மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாலமீன்மடு தோணி:
ஓட்டோவைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்களையும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் வெளியிணைப்பு மோட்டர் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 87 ரூபாய்க்கு இருந்த மண்ணெண்ணெய் 2022 ஆவணியில் ஒரே நாளில் 340 ஆனது. அன்றைக்குக் கரையில் ஏற்றிய தோணிகள் சில பிறகு இறங்கவே இல்லை. கடலில் ஐதரசன் சரிவருமா?

திருக்கோவில் நகோயா:
ஆழ்கடலுக்கு இப்போதைக்கு இல்லை அண்ணன். சிலிண்டர் பாரமும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இணைப்புகளும், கரையில் நிரப்ப இடமில்லாததும் சேர்ந்து அதை ஆபத்தாக்கிவிடும். ஐதரசன் கசிந்தால் மணம் இல்லை, எரிந்தால் பகலில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. திறந்த வெளியில் மேலே போய்விடும் என்பது ஒரு நன்மை, ஆனால் மூடிய கபினுக்குள் கூரையில் தங்கி நிற்கும். வாவிக்குள் இறால், மீன் பிடிக்கிற சின்னத் தோணிகள் என்றால் பற்றரி மோட்டர் இன்றைக்கே சரிவரும், போகிற தூரம் குறைவு, மாலையில் கரைக்கு வந்துவிடுவீர்கள்.

காத்தான்குடி கராச்:
மண்ணெண்ணெய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2022-ல் பெற்றோல் கிடைக்காமல் ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் மண்ணெண்ணெய் கலந்து ஓடியவர்கள் பலர். ஓடியது உண்மைதான். ஆனால் ஒயில் தண்ணீராகி, பிஸ்டன் கீறி, அடுத்த வருடம் முழுக்க எஞ்சின் இறக்கிப் போட்ட வேலைதான் எங்களுக்கு. அவசரத்துக்கு ஓடுவது வேறு, பிழைப்புக்கு ஓடுவது வேறு. ஐதரசனையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

செங்கலடிச் சந்தி:
மச்சானிடம் கேட்டேன். கிட் பூட்டிய அன்றே காபுரேற்றர் கழுவி, பிளக்கும் பில்டரும் மாற்றித்தான் கொடுத்தார்களாம். வயரைக் கழற்றி நிரப்பிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். வந்ததும் எழுதுகிறேன்.

கல்லடிக்காரன்:
எல்லோருக்கும் பெரிய நன்றி. கிட்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'படித்தவர்கள் பொறாமையில் சொல்வார்கள்' என்றார், 'அப்படியென்றால் என் ஓட்டோவில் நிரப்பி நிரப்பி அளந்து காட்டுங்கள், பிறகு காசு' என்றேன். போனை வைத்துவிட்டார்.

இப்போது கேள்வி மாறிவிட்டது. பெற்றோல் செட்டை நம்பாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. ஐதரசன் இல்லையென்றால், இதே ஓட்டோவில் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டரும் பற்றரியும் வைக்கலாமா? நாட்டில் அப்படி மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

காத்தான்குடி கராச்:
மாற்றலாம் தம்பி. பெற்றோல் ஓட்டோவை மின்சாரத்துக்கு மாற்றும் திட்டத்தை ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் அரசோடு சேர்ந்து 2023-ல் தொடங்கியது, அதற்குப் பிறகு இந்த வேலை தெரிந்தவர்கள் கூடியிருக்கிறார்கள். எஞ்சின், சைலன்சர், பெற்றோல் தாங்கி இறங்கும். பின் அச்சில் மோட்டர், சீற்றுக்கு அடியில் லிதியம் பற்றரி. வேலைக்கு முன் மூன்றைப் பாருங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எரிபொருள் வகையை மாற்றிப் புத்தகத்தில் பதிவாகுமா என்று முதலில் கேளுங்கள், பதியாத வண்டிக்கு இன்சூரன்ஸ் நிற்காது. பற்றரியில் மழைத் தண்ணீர் ஏறாத பெட்டி வேண்டும், மார்கழி வெள்ளத்தில் நம் தெருக்கள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அக்கரைப்பற்று சோலர்:
பகலில் ஓட்டோ நிற்கிற நேரம் எது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி ஓட்டம் முடிந்து மத்தியானம் வீட்டில் நிறுத்தினால் வெயிலிலேயே சார்ஜ் ஏறும். இரவில்தான் ஏற்ற முடியும் என்றால் கரண்ட் பில் கணக்கு வேறு. உங்கள் கூரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எத்தனை அடி இருக்கிறது என்று எழுதுங்கள், எத்தனை பலகை போதும் என்று சொல்கிறேன்.

கல்லடிக்காரன்:
தெற்குப் பக்கம் சாய்வு, மேலே தென்னை நிழல் காலையில் மட்டும் விழும். அளந்து இன்று இரவே போடுகிறேன் அண்ணன்.